பிள்ளை பிறக்குமுன் இட்ட பெயர்

வாரப் பத்திரிகைகளில் வெளிவந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, வருஷக் கடைசியில் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ முதுகு போட்டு வாங்கி வைக்கும் வழக்கம், ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில் நம் நடுத்தரக் குடும்பங்களில் பரவலாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கைங்கரியம் பெரியம்மாவுடையது. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் அவ்வாறு தைக்கப்பட்டு பைண்டர் கடைக்குப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். பைண்டர் பித்தளை எழுத்துக்களை அடுப்பில் சூடு காட்டி, ஜிகினாத் தாளின் மேல் அழுத்தி முதுகிலே பெயர் பதிப்பவர். அவரிடமிருந்த எழுத்துக்களோ பெரியவை. முதுகை விரலால் அளந்து பார்த்து, "அம்மா, பேர் நீளமா இருக்கு, இடம் பத்தாது" என்றார். பெரியம்மா சற்றும் யோசியாமல், "அப்ப வந்தியத்தேவன்னு போட்டுடுங்க" என்று விட்டாள். ஒன்பது எழுத்துக்குப் பதில் எட்டு எழுத்து. இரண்டு சொற்களுக்கு நடுவில் விட வேண்டிய இடமும் மிச்சம். பைண்டரும் ஆட்சேபிக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் கல்கியின் அந்த நவீனம் 'வந்தியத்தேவன் 1' முதல் 'வந்தியத்தேவன் 5' வரை என்றுதான் நிற்கிறது.

பெரியம்மா செய்தது பிழை என்று அந்நாளில் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையோரமாகக் குதிரையில் வருகிற வந்தியத்தேவனோடுதான் கதை தொடங்குகிறது. வாசகரும் பெரும்பாலும் அவனுடைய குதிரையின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார்கள். தலைப்புக்கு உரியவரான அருள்மொழிவர்மரோ முதற்பாகம் முழுவதிலும் பிறர் வாய்ப் பேச்சாக மட்டுமே இருந்து, இரண்டாம் பாகத்தில் இலங்கைக் காடுகளுக்கிடையேதான் முதன்முதலாக நேரில் தரிசனம் தருகிறார். பெயர் ஒருவருக்கும் காரியம் மற்றொருவனுக்குமாக இப்படிப் பிரிந்து போனது எதனால்? இந்தச் சிறிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், தமிழ் நாவலாசிரியர்கள் தங்கள் நூல்களுக்குப் பெயரிட்ட விதம் பற்றிச் சில விஷயங்கள் துலங்குகின்றன.

நூலுக்குப் பெயரிடுவதற்கு நம்மவர்கள் இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். நூலாசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை முதலியவற்றோடு நூற்பெயரையும் சேர்த்து எட்டுச் செய்திகள் சிறப்புப்பாயிரத்தில் அமைய வேண்டும் என்று கூறும் பவணந்தி முனிவர், அந்தப் பெயர் எதனால் வரும் என்பதற்குத் தனியாக ஒரு சூத்திரம் செய்கிறார். முதல் நூலால் வரலாம், செய்தவனால் வரலாம், அளவால், மிகுதியால், பொருளால், செய்வித்தவனால், தன்மையால் வரலாம், காரணம் ஒன்றுமின்றி இடுகுறியாகவும் வரலாம் என்பது அதன் சாரம். செய்தவனால் பெயர் பெற்றவை அகத்தியமும் தொல்காப்பியமும். அளவால் பெற்றது பன்னிருபடலம். தன்மையால் பெற்றது சூத்திரம் செய்தவருடைய நன்னூலே.

இந்த அளவுகோலை நாவல்களின் மேல் வைத்துப் பார்ப்பது வேடிக்கையான காரியந்தான். அளவால் பெயர் பெற்றதற்குக் க.நா. சுப்ரமண்யத்தின் 'ஒரு நாள்' இருக்கிறது. பொருளால் பெயர் பெற்றவை அநேகம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' என்ற ஒற்றைச் சொல்லைவிட அப்பட்டமான உதாரணம் வேண்டியதில்லை. சென்னையில் குழாயடியிலே குடத்துடன் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு உரை தேவைப்பட்டிராது. செய்வித்தவனால் பெயர் பெற்ற நாவல் மட்டும் என் கண்ணில் படவில்லை. அந்த விதியை நாம் உண்மையாகப் பின்பற்றியிருந்தால், 'அடுத்த வாரமே முதல் அத்தியாயம் வேண்டும்' என்று ஆள் அனுப்பிய பத்திரிகாதிபர்களின் பெயர்களைத்தான் பாதி நாவல்களுக்குச் சூட்ட வேண்டி வந்திருக்கும்.

ஆனால் பவணந்தியாரின் ஏற்பாட்டில் சொல்லாமற் சொல்லியிருக்கிற நிபந்தனை ஒன்று உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியனே செய்தல் ஆகாது. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்ய வேண்டும். அதாவது, நூல் முழுவதும் முடிந்து, பிறர் கைக்குச் சென்று, படிக்கப்பட்டு, அதன் பிறகே அதன் பெயரும் பொருளும் பயனும் உலகுக்கு அறிவிக்கப்படும். பிள்ளை பிறந்து, முகம் பார்த்து, பதினோராம் நாள் தொட்டிலிலிட்டுப் பேர் சொல்வது போன்ற முறை அது. தமிழ் நாவலுக்குக் கிடைத்ததோ இதற்கு நேர்மாறான பிறவி. அதில் பெரும்பகுதி பத்திரிகையின் மடியில் பிறந்தது. அதாவது, எழுதி முடிக்கும் முன்னே, சில சமயம் எழுதத் தொடங்கும் முன்னேகூட, விளம்பரத்திலே பெயர் வெளியாகிவிட்ட பிள்ளை அது.

முதலில் பத்திரிகைக்கு முந்திய காலத்தைச் சிறிது பார்த்துவிட்டு வரலாம். 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டார். 1885இல் கண்டியிலிருந்த சித்தி லெப்பை 'அஸன்பேயுடைய சரித்திரம்' வெளியிட்டார். அதற்கப்பால் 'சுகுணசுந்தரி சரித்திரம்', 'கமலாம்பாள் சரித்திரம்', 'பத்மாவதி சரித்திரம்' என்று ஒரு வம்சாவளியே தொடர்கிறது. நடக்காத கதைக்குச் 'சரித்திரம்' என்று பெயரிட்டதை இன்று படிக்கிறவர்கள் வியக்கலாம். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வசனத்தில் நீண்ட கற்பனைக் கதை எழுதுவது புதுச் சரக்கு; அதற்கென்று தமிழில் நிலைத்த பெயர் ஏற்படவில்லை; 'கதை' என்றாலோ விக்கிரமாதித்தன் வகையோடு சேர்த்து எண்ணப்படும் அபாயம் இருந்தது. ஆகவே, மெய்யாக வாழ்ந்த ஒருவருடைய வரலாறு என்ற மரியாதையை அந்தச் சொல்லால் வாங்கிக் கொடுத்தார்கள். ஆங்கிலேயர்களும் தங்கள் நாவலின் பிள்ளைப் பருவத்தில் இதையேதான் செய்தார்கள். 1749இல் வெளிவந்த ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்ஸ்' தலைப்புப் பக்கத்தில் அநாதைக் குழந்தை ஒன்றன் சரித்திரமாகவே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது.

பெயர் ஒருவருக்கு, காரியம் மற்றொருவருக்கு என்று மேலே சொன்ன விநோதம் முதல் நாவலிலேயே ஆரம்பமாகிவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. பிரதாப முதலியார் தம் கதையைத் தாமே சொல்கிறார். சரித்திரமும் அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அந்நூலைப் படித்தவர் எவரும் நினைவில் வைத்திருப்பது ஞானாம்பாளைத்தான். ஆண் வேஷம் பூண்டு ராஜ்யபாரத்தையே நடத்திக் காட்டுகிற அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிலே இடம் கொடுக்கத் தோன்றவில்லையே என்று வேதநாயகம் பிள்ளையிடம் குறைப்படலாம். கணவன் சொல்ல மனைவி நிமிர்ந்து நிற்கிற அந்த அமைப்பே அவருடைய நகைச்சுவைக்கு ஆதாரம் என்று சமாதானமும் சொல்லலாம்.

ராஜமையரின் நாவல் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் மாதந்தோறும் வந்தபோது அதற்கிருந்த முழுப் பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது. ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று. ஓர் அபவாதத்தைக் காதில் வாங்கிக்கொண்டு முத்துஸ்வாமி ஐயர் வீட்டைத் துறந்து போவது கதையின் பிற்பகுதி. அந்தப் பிற்பகுதியைத் தலைப்பின் முற்பகுதி முதல் மாதத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறது! தமிழ் வாசகர்கள் நாளடைவில் அந்த முற்பகுதியை ஓசைப்படாமல் கழற்றி எறிந்துவிட்டார்கள். அந்தச் செயலில் அவர்களுக்கிருந்த இலக்கிய ருசியை நான் மெச்சுகிறேன். நடுவில் நின்ற 'அல்லது' மட்டும் சாகவில்லை. அது துப்பறியும் நாவல்களிலே போய்க் குடியேறிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல் அல்லது திகம்பர சாமியார்' என்ற தலைப்பில் வக்கீல் ஒரு ருசிக்காரரையும் சாமியார் மற்றொரு ருசிக்காரரையும் கடைக்குள்ளே இழுத்து வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஜே.ஆர். ரங்கராஜுவோ இந்தத் தந்திரமெல்லாம் வேண்டாமென்று, 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா', 'ராஜேந்திரன்', 'மோகனசுந்தரம்' என ஒற்றைப் பெயர்களோடு நின்றுகொண்டார். அங்கேயும் பழைய கதைதான்: கொலையும் களவும் துப்புத் துலங்க அலைகிறவன் கோவிந்தன், அட்டையில் அமர்ந்திருப்பவர்கள் வேறு பேர்.

'சரித்திரம்' என்ற சொல்லின் பின்னாட் கதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிரதாப முதலியாருக்கு எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1966இல், சுந்தர ராமசாமி தமது முதல் நாவலுக்கு 'ஒரு புளியமரத்தின் கதை' என்று பெயர் வைத்தார். வேதநாயகம் பிள்ளை எந்தச் சொல்லைக் கண்டு கூசி ஒதுங்கினாரோ, அதே 'கதை' என்ற சொல்லை இவர் வலிய எடுத்துக்கொண்டார். கதாநாயக ஸ்தானத்தை மனிதரிடமிருந்து பறித்து, நாற்சந்தியில் நிற்கும் மரத்திடம் கொடுத்தார். அந்த 'ஒரு' என்ற சொல்லையும் பாருங்கள். எத்தனையோ புளியமரங்களுள் ஏதோ ஒன்று என்ற அலட்சியம் போலத் தொனித்து, அதற்குள்ளேயே ஓர் ஊரின் அரை நூற்றாண்டை அடக்கி வைத்திருக்கிறது. பின்னும் பதினைந்தாண்டு கழித்து அவரே 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எழுதினார். ஜே.ஜே. என்பவன் ஜோசஃப் ஜேம்ஸ் என்னும் மலையாள எழுத்தாளன், கற்பனைப் பாத்திரம். வாழாத ஒருவனுடைய வாழ்க்கையை எழுதும்போது முன்னோர் அதைச் சரித்திரம் என்றார்கள். இவர் வெறும் குறிப்புகள் என்கிறார், அதிலும் சில குறிப்புகள். ஒரு மனிதனை முழுக்கச் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை நாவலாசிரியனிடத்தில் நூறாண்டில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சரித்திரம், கதை, குறிப்பு என்ற மூன்று சொற்களே காட்டுகின்றன. அந்த முக்காற்புள்ளியும்கூட ஏதோ காரியாலயக் கோப்பின் மேலட்டையிலிருந்து இறங்கி வந்தது போலத்தான் இருக்கிறது.

இனிப் பத்திரிகையின் மடிக்கு வருவோம். இவ்விஷயத்தில் கல்கியைப் போலப் பாடம் கற்பிப்பவர் வேறில்லை. அவருடைய பெரிய நாவல்களின் பெயர்களை வரிசையாக வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், இலக்கணம் அரைகுறையாகப் படித்தவனுக்கும் ஒன்று புலப்படும். 1937இல் ஆனந்த விகடனில் 'கள்வனின் காதலி'. 1941இல் தமது சொந்தப் பத்திரிகையில் 'பார்த்திபன் கனவு'. 1944இல் 'சிவகாமியின் சபதம்'. 1950இல் 'பொன்னியின் செல்வன்'. எல்லாம் ஆறாம் வேற்றுமைத் தொடர்கள். இன்னாருடைய இன்னது என்ற அமைப்பு. இந்த அமைப்பினுள்ளே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பார்த்திபன் கனவு காண்கிறான். காண்பதோடு சரி, கதை தொடங்கிச் சில அத்தியாயங்களிலேயே போர்க்களத்தில் மாண்டு போகிறான். எஞ்சிய நூல் முழுவதும் அவன் விட்டுப்போன கனவைப் பிறர் சுமந்து திரிகிறார்கள். அதுவும் மகன் காலத்தில் முற்றுப் பெறாமல், நூற்றாண்டுகளுக்கு அப்பால் வரப்போகும் சோழப் பேரரசர்களுக்காகக் காத்திருக்கிறது. சிவகாமி சபதம் செய்கிறாள். வாதாபி தீப்பற்றி எரிந்தாலன்றி அங்கிருந்து நகர்வதில்லை என்ற அந்தச் சபதத்தை நிறைவேற்றுகிற பாரமோ மாமல்லர் மீதும் பரஞ்சோதி மீதும் விழுகிறது. தலைப்பில் இருப்பவர் உடைமைக்காரர், உழைப்பவர் வேறொருவர்.

இதனை ஆசிரியரின் கவனக்குறைவு என்று எண்ணுவது பெருந்தவறு. பத்திரிகை எழுத்தின் நிர்ப்பந்தத்தை அவர் எவ்வளவு நுட்பமாகக் கையாண்டார் என்பதற்கு இதுவே சான்று என்பது என் அபிப்பிராயம். வாராவாரம் எழுதுகிற ஒருவர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு கதையை நடத்த வேண்டியிருக்கிறது. எந்தப் பாத்திரம் வாசகர் மனத்தில் வேரோடும், எது முப்பதாவது வாரத்தில் வாடிப் போகும் என்பதை முதல் வாரத்தில் எவராலும் அறிய இயலாது. வேலையைச் செய்கிறவனுடைய பெயரைத் தலைப்பில் வைத்துவிட்டால், அவனை ஒரு வாரமும் விட்டுப் பிரிய முடியாது. கனவின் பெயரை வைத்தால், சபதத்தின் பெயரை வைத்தால், யார் எங்கே போனாலும் அது மட்டும் பின்னணியில் சுருதி போல நின்று ஒலித்துக்கொண்டிருக்கும். 'பொன்னியின் செல்வன்' என்ற பெயருக்கும், குழந்தைப் பருவத்தில் காவேரியிலே விழுந்து பிழைத்தவர் அருள்மொழிவர்மர் என்ற காரணம் கதைக்குள்ளே சொல்லப்படுகிறது. ஆயினும் அப்பெயரின் முழு நியாயம் 'தியாக சிகரம்' என்ற கடைசிப் பாகத்திலே, தமக்குச் சூட்டப்படவிருந்த மகுடத்தை அவர் தம் சிற்றப்பனின் சிரசில் வைக்கும்போதுதான் விளங்குகிறது. வந்தியத்தேவனை ஐந்து பாகமும் ஓட விட்டு, ஒரே ஒரு செயலால் தலைப்பைத் தமதாக்கிக்கொள்கிறார் இளவரசர். பெரியம்மாவுக்கு இதை நான் விளக்கிச் சொன்னதுண்டு. "அதெல்லாம் சரிதான்டா, ஓடினவன் யாரு?" என்று கேட்டாள்.

'அலை ஓசை' இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. அதன் நான்கு பாகங்களுக்கும் பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்று பெயர். நிலமும் காற்றும் தீயும் நீரும் சீறி எழும் நிலைகள். தனி மனிதரின் வாழ்வைத் தேசப் பிரிவினையின் பேரிரைச்சலோடு சேர்த்துச் சொல்ல முற்பட்ட கதைக்கு ஒருவருடைய உடைமையாகப் பெயர் வைக்க முடியாது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

பூவும் விளக்கும் முள்ளும் தலைப்புகளாக வந்து குவிந்த காலம் ஒன்றும் உண்டு. அவற்றுள் பலவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு', 'கரித்துண்டு' முதலியன வகுப்பறையில் விடையை முதலில் எழுதிப் போட்டுவிட்டுக் கணக்கைப் பிறகு நடத்துகிற ஆசிரியரை எனக்கு நினைவூட்டுகின்றன. அவருடைய மாணாக்கர்கள் என் மேல் கோபம் கொள்ளக்கூடும். ஒரே மலர் இருவேறு கைகளில் எப்படி இருவேறு தலைப்பாயிற்று என்பதை மட்டும் பார்க்கலாம். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' பூரணி என்ற பெண்ணின் உயர்வுக்கு ஓர் உவமை. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பது என்ற அருமைப்பாடு ஒன்றே அங்கே வேண்டியிருந்தது. மதுரைத் தெருவில் நடக்கும் கதைக்கு மலையேறிச் செடியைப் பார்த்து வர அவசியமில்லை. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' நீலகிரிப் படகர்களின் வாழ்வைச் சொல்வது. அங்கே குறிஞ்சி பூத்தல் என்பது உவமை அன்று, கால அளவை. எத்தனை பூப்புக் கண்டவர் என்று எண்ணி ஒருவரின் பிராயத்தைச் சொல்லிவிடலாம். பூத்த ஆண்டில் தேனீக்கள் சேர்க்கும் தேனும் நாக்கில் படுகிற மெய்யான தேன். உப்பளத் தொழிலாளரைப் பற்றிய நாவலுக்கு அவர் 'கரிப்பு மணிகள்' என்று பெயர் வைத்ததிலும் இந்தக் கண்ணும் நாக்குமே வேலை செய்திருக்கின்றன. 'உப்பு' என்ற சொல் சமையலறையை நினைவூட்டும். 'கரிப்பு' என்பது பாத்தியிலே வெறுங்காலோடு நிற்கிறவருக்குத் தெரிந்த சொல்.

தொழிலிலும் தெருவிலும் வழங்கும் சொல்லை அப்படியே தூக்கி அட்டையில் வைத்தவர்களுக்கு மற்றொரு லாபமும் கிடைத்தது. அந்தச் சொல்லுக்கே அவர்கள் ஆயுள் தந்தார்கள். மாடு அணையும் ஊர்களுக்கு வெளியே 'வாடிவாசல்' என்ற சொல்லை அறிந்தவர் சி.சு. செல்லப்பா அந்தக் குறுநாவலை எழுதுவதற்கு முன் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மாடு வெளிப்படும் திட்டிவாசலுக்கு எதிரே நிற்கிறவனுடைய மூச்சு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

பழைய நூலிலிருந்து பெயரை இரவல் வாங்குவது மேல்நாட்டில் பெருவழக்கு. ஹார்டி 1874இல் கிரேயின் இரங்கற்பாவிலிருந்தும், ஹெமிங்வே 1940இல் ஜான் டன்னிடமிருந்தும் வாங்கினார்கள். நம்மிடையே இதைச் செவ்வையாகச் செய்தவர் க.நா.சு. அவருடைய 'பொய்த்தேவு' மாணிக்கவாசகரின் சொல். சாத்தனூர் மேட்டுத்தெருவில் பிறந்த சோமு, சோமு முதலியாராகிச் சோமுப் பண்டாரமாக முடிகிற அந்த வாழ்க்கையிலே பணமும் பதவியும் ஒவ்வொன்றாகக் கடவுளாகி ஒவ்வொன்றாகப் பொய்க்கின்றன. திருவாசகம் ஓதுகிறவர்களுக்கு அப்பெயர் உடனே பிடிபடும். ஓதாதவர்களுக்குக் கடைசிப் பக்கம் வரையில் ஒரு புதிர். லா.ச.ரா. வேறொரு வகையில் இரவல் வாங்கினார். திருவண்ணாமலை அம்மனின் அபிதகுசாம்பாள் என்ற திருநாமத்தைப் பாதியில் வெட்டி 'அபிதா' என்று எடுத்துக்கொண்டார். உண்ணாமுலை என்று தமிழில் வழங்குவதில் உண்ணாத தன்மையை மட்டும் எடுத்துக்கொண்டது போல. அடைய முடியாத பெண் ஒருத்தியைப் பற்றிய கதைக்கு அந்த வெட்டுப்பட்ட பாதியே முழுப் பெயராகிவிட்டது.

பெயரை மாற்றி வைத்தவர்களின் கதைகள் தனிச் சுவையுடையவை. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' முதலில் ருஷ்யப் பத்திரிகை ஒன்றில் 1865இல் வரத் தொடங்கியபோது '1805' என்ற ஆண்டெண்ணே தலைப்பாக இருந்தது. கதை அந்த ஆண்டைத் தாண்டிப் பெருகியதும் சட்டை போதாமல் போயிற்று. ஆர்.கே. நாராயண் தமது முதல் நாவலுக்கு 'சுவாமி, தி டேட்' என்று பெயர் வைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதைப் படித்து வியந்த கிரஹாம் கிரீன், 1935இல் நூல் வெளிவருகையில் 'சுவாமியும் சிநேகிதர்களும்' என்று மாற்றச் செய்தார். கையோடு நாராயணசுவாமி என்ற ஆசிரியரின் பெயரையும் நறுக்கி நாராயண் ஆக்கச் சொன்னார். பவணந்தியார் சொன்ன 'உடன் கற்றோன்' பாயிரம் செய்வதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைக்காது. எண்களுக்கும் தகராறு வந்ததுண்டு. அமெரிக்கரான ஜோசஃப் ஹெல்லர் 'கேட்ச்-18' என்று எழுதி வைத்திருக்க, லியான் யூரிஸ் என்பவரின் 'மிலா 18' அதே 1961ஆம் ஆண்டில் வந்து குறுக்கிட்டதால் பதினெட்டு இருபத்திரண்டு ஆயிற்று. பின்னர் 1977இல் அசோகமித்திரன் '18வது அட்சக்கோடு' எழுதியபோது பதினெட்டு நிம்மதியாகத் தமிழுக்குக் கிடைத்தது. நிஜாம் ராஜ்யம் தத்தளித்த மாதங்களில் செகந்தராபாத்தில் வளரும் ஒரு பையனின் கதைக்கு, பூகோளப் புத்தகத்திலே மட்டும் தென்படுகிற, காலடியில் தட்டுப்படாத ஒரு கோட்டைப் பெயராக வைத்தது அவருக்கே உரிய வரட்சியான சாதுரியம்.

பத்திரிகையின் வாராந்தர நிர்ப்பந்தம் இல்லாமல் நேரே புத்தகமாக வந்த நாவல்களிலே பெயர்கள் வேறு விதமாக மூச்சு விடுகின்றன. தி. ஜானகிராமன் தொடர்கதையாக எழுதிய 'மோகமுள்' ஓர் உருவகம். முதல் வாரமே வாசகரைத் தைக்கும். 'அம்மா வந்தாள்' அப்படியன்று. எழுவாயும் பயனிலையுமாக ஒரு முழு வாக்கியம். அலங்காரம் என்பது மருந்துக்கும் இல்லை, கதைத்தலைவியின் பெயரே அலங்காரம் என்பதைத் தவிர! காவேரிக்கரை வேத பாடசாலையிலிருந்து பட்டணத்துக்குப் போய்த் திரும்புகிறவன் மகன் அப்பு. போக்குவரவு முழுதும் அவனுடையது. அம்மா பட்டணத்து வீட்டிலேயே இருக்கிறாள். 'வந்தாள்' என்கிறாரே, எப்போது வருவாள், எங்கே வருவாள் என்று தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய நூல் முடியும் வரையில் நாம் காத்திருக்கிறோம். காசிக்குப் போகிற வழியில் அவள் பாடசாலைத் திண்ணைக்கு வந்து சேர்கிறபோது, இதுவரை நாம் படித்ததெல்லாம் அந்த வருகைக்கு முன்னுரைதான் என்று தெரிகிறது. நூலை முடித்த பிறகே இட முடிகிற பெயர் அது, பவணந்தியார் ஒப்புக்கொண்டிருப்பார்.

முன்னிட்ட பெயர், பின்னிட்ட பெயர் என்ற இரண்டும் ஒரே நாவலுக்கு அமைந்த விந்தையும் நம்மிடையே நடந்திருக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையின் முடிவைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. மழைநாளில் கெட்டுப்போன மகளைத் தாய் தலையில் நீரூற்றித் தூய்மையாக்கி உள்ளே அழைத்துக்கொண்டாள். அவ்வாறு அழைத்துக்கொள்ளாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று ஜெயகாந்தன் ஒரு நாவல் தொடங்கி அதனைத் தினமணி கதிரில் தொடராக எழுதினார். அங்கே அதற்கு அவர் வைத்த பெயர் 'காலங்கள் மாறும்'. நூலாக வெளியிடும்போது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று மாற்றினார். முதற்பெயர் வருங்கால வினைமுற்றில் முடிகிறது. வாதத்தில் ஜயிக்கப் போகிறவனுடைய நம்பிக்கை அதில் இருக்கிறது. இரண்டாம் பெயரில் வினைச்சொல்லே இல்லை. கங்கா என்ற பெண்ணோடும் அவளைக் கெடுத்த பிரபுவோடும் அத்தியாயம் அத்தியாயமாகப் பழகிவிட்ட பிறகு, காலம் மாறும் என்றோ மாறாது என்றோ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலும். சில நேரங்கள், சில மனிதர்கள். அவ்வளவு மட்டுந்தான் அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. பன்மையில் பேசி எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் நழுவுகிற அந்தத் தொடரைத்தான் 1972ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி பரிசு ஊரறியச் செய்தது.

சில ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில், எங்கள் பெரியம்மாவைப் போன்ற யாரோ ஒருவர் தைத்துப் போட்ட கனமான பைண்டு வால்யூம் என் கையில் தட்டுப்பட்டது. முதுகிலே மங்கிய பொன்னெழுத்தில் 'காலங்கள் மாறும்' என்றிருந்தது. உள்ளே முதற்பக்கத்தின் மூலையில் பென்சிலால், வேறு கையெழுத்தில், 'சி.நே.சி.ம.' என்று எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள். என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் புத்தகத்தை வாங்கி முதுகைப் பார்த்தார். ஆசிரியர் பெயரையும் புரட்டிப் பார்த்தார். "ஜெயகாந்தன் இந்தப் பேர்ல புஸ்தகமே போட்டதில்லை சார். ஏதோ டூப்ளிகேட்டு. இருபது ரூபா குடுத்துட்டு எடுத்துக்குங்க" என்றார்.